தனியில் எதை வாசிப்பது?

பிரதான கீர்த்தனையில் நிரவலும் கல்பனாஸ்வரமும் முடிகின்றன. பாடகர் பல்லவியை ஒருமுறை பாடி நிறுத்திவிட்டு மிருதங்கக்காரர் பக்கம் திரும்புகிறார். அடுத்த பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு மேடை அவர் கையில். எதிரே தாள் இல்லை, முன்கூட்டி அச்சிட்ட நிரல் இல்லை. எந்தப் பாட்டுக்குத் தனி வரப்போகிறது என்பதே பல கச்சேரிகளில் மேடையில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். அப்போது அவர் எதை வாசிக்க வேண்டும்? எதை விட வேண்டும்? மிருதங்கம் கற்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ ஒரு கட்டத்தில் மோதிக்கொள்ளும் கேள்வி இது. திருச்சியைச் சுற்றிய நிலப்பரப்பு இந்தக் கேள்வியோடு நூறாண்டுக்கு மேலாக உறவாடி வந்திருக்கிறது. அதனால் இங்கிருந்தே இதைப் பார்க்கலாம்.

உலகத்தின் மற்ற இடங்களில் தாளவாத்தியக்காரர் இதே கேள்வியை வேறு மாதிரி எதிர்கொள்கிறார். ஐரோப்பிய மரபில் தாளவாத்தியத்துக்கென்று தனியாக எழுதப்பட்ட உருப்படிகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் வந்தன. 1959-இல் ஸ்டாக்ஹவுசன் எழுதிய ‘ஸைக்ளுஸ்’ ஒரு போட்டிக்காக உருவானது. வாத்தியங்கள் வட்டமாகச் சூழ்ந்திருக்க, நடுவில் நிற்கும் கலைஞர் எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று அதில் சுதந்திரம் கொடுத்திருக்கிறார்கள். ஸெனாகிஸின் ‘ஸாஃபா’ 1975-இல் வந்தது. அங்கே ஒரு மாணவர், ‘எந்தக் கலைஞர் எழுதிய எந்த உருப்படியைத் தேர்ந்தெடுப்பது?’ என்று கேட்கிறார். வடக்கே தபலாவில் நிலைமை இடைப்பட்டது. பின்னால் லெஹ்ரா ஓடிக்கொண்டிருக்க, பேஷ்கார், காயதா, ரேலா, கத், சக்கரதார் என்று வரிசை போகும். ‘இது இன்ன உஸ்தாதின் கத்’ என்று பெயர் சொல்லி வாசிப்பதும் உண்டு. நம் மிருதங்கத் தனியில் அப்படிப் பெயர் சொல்லும் வழக்கம் மிகக் குறைவு. குரு சொல்லிக்கொடுத்த கோர்வையைச் சிஷ்யன் வாசிப்பான். தெரிந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. நம் தனி, பாட்டின் உள்ளே பிறக்கிறது. பாட்டின் தாளம், காலப்பிரமாணம், எடுப்பு ஆகிய மூன்றும் முன்னமே முடிவாகியிருக்கின்றன. தேர்வு என்பது அந்த மூன்றுக்கும் உட்பட்ட தேர்வு.

இதை மறப்பதுதான் இன்றைய தனிகளின் முதல் கோளாறு என்பது என் துணிபு. பாட்டு எதுவானாலும் அதே பரன், அதே மொஹரா, அதே பெரிய கோர்வை. காம்போதியா ஆரபியா, சௌக்கமா மத்திமகாலமா என்ற வேறுபாடு கைக்குத் தெரிவதில்லை. ரசிகர்கள் தனி வந்தவுடன் எழுந்து வெளியே போகிறார்கள் என்று நாம் வருத்தப்படுகிறோம். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பாட்டோடு ஒட்டாத பதினைந்து நிமிடம், கேட்பவருக்குக் கச்சேரியின் இடைவேளை போலத் தோன்றினால் அவர் மீது முழுப்பழியையும் போட முடியாது.

திருச்சியிலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் புதுக்கோட்டை. மான்பூண்டியா பிள்ளை (1859–1922) அங்கே இருந்தார். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்கிறோம். அவருக்கு லயம் கற்பித்தவர் மாரியப்பப் பிள்ளை என்ற தவில்காரர். புதுக்கோட்டைப் பாணியின் வேர் தவிலில் இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. கணக்கின் ஆழம், நடை மாற்றங்களில் துணிச்சல், சொற்களின் கனம் எல்லாம் அந்தப் பரம்பரையின் சொத்து. அவருடைய சிஷ்யர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936) மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் அதை வளர்த்தார். தஞ்சாவூர்ப் பாணி இன்னொரு புறம். அதில் பாட்டுக்கு வாசிப்பதே தலையாயது. தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் கற்ற பாலக்காடு மணி ஐயர் (1912–1981) அந்த வழியின் உச்சம். 1966-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது முதன்முறையாக ஒரு மிருதங்க வித்வானுக்குப் போனது, அவருக்குத்தான்.

இரண்டு பாணிகளையும் எதிரெதிராக நிறுத்தி ‘கணக்கா, சௌக்கியமா?’ என்று பட்டிமன்றம் நடத்துவது எளிது. உண்மையில் பெரியவர்கள் யாரும் ஒரு பக்கத்தில் மட்டும் நின்றதில்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இதற்குச் சரியான சான்று. அவருடைய தந்தை முத்தையா பிள்ளை மான்பூண்டியா பிள்ளையிடம் கற்றவர். பழனி புதுக்கோட்டைக் கணக்கோடு பிறந்தவர் என்றே சொல்லலாம். ஆனாலும் அவர் வாசிப்பில் ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது தொப்பியின் கும்கியையும், பாட்டோடு இழைந்த அந்த நிதானத்தையும்தான். அவர் இடக்கைக்காரர். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டுமென்றால் அவரைப் பாடகரின் மறுபுறம் உட்கார வைக்க வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். இந்தச் சங்கடத்தால் அவரை ஏற்கத் தயங்கியவர்கள் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை விடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னுக்குக் கொண்டுவந்தார்.

பழனியின் கையிலிருந்து இந்த மண்ணுக்கு வந்தவர் திருச்சி சங்கரன். லால்குடிக்குப் பக்கத்தில் பூவாளூரில் 1942-இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில், குருவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆலத்தூர் சகோதரர்களுக்கு வாசித்து மேடையேறினார். ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவிகள் லயக் கடுமைக்குப் பேர்போனவை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது சாதாரணப் பாடமா? 1971-இல் அவர் டொரோண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே தென்னிந்திய இசைக் கல்வியை வேரூன்றச் செய்தார். 2011-இல் சங்கீத கலாநிதி. அவர் செய்த ஒரு காரியம் நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. நம் சொற்கட்டுகளையும் கோர்வைகளையும் வேற்று நாட்டு மாணவர்களுக்குப் புத்தகமாக, பாடத்திட்டமாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதும்போது, ‘இது ஏன் இங்கே வருகிறது?’ என்று ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் சொல்ல வேண்டும். பழனியின் மற்றொரு சிஷ்யர் டி. ரங்கநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இதே வேலையைச் செய்தார். அவரிடம் கற்ற டேவிட் நெல்சன் தனி ஆவர்த்தனத்தைப் பற்றியே ஆய்வு செய்தார்.

இப்போது ஒரு கோர்வையை அருகில் வைத்துப் பார்க்கலாம். பூர்வாங்கத்தில் மூன்று சொற்கட்டுகள்: முதலாவது 18 மாத்திரை, அடுத்தது 15, மூன்றாவது 12. கோபுச்சமாகக் குறைந்து வருகிறது, மொத்தம் 45. உத்தராங்கத்தில் ‘ததிகிணதொம்’ மூன்று முறை, ஒவ்வொன்றும் ஐந்து, நடுவே இரண்டு இடத்தில் கார்வை. கார்வை இரண்டிரண்டு மாத்திரை என்றால் உத்தராங்கம் 19. கூட்டினால் 64. ஆதி தாளத்தில் ஒரு களைக்கு இரண்டு ஆவர்த்தனம், இரண்டு களைக்கு ஒரே ஆவர்த்தனம். சமத்தில் ஆரம்பித்துச் சமத்தில் வந்து விழும். பாட்டின் எடுப்பு அரை இடம் தள்ளி என்றால்? கார்வையை மூன்றாக்கினால் போதும், 66 வந்துவிடும். சமத்தில் தொடங்கிய கோர்வை நேராக எடுப்பில் முடியும். ரூபகத்தில்? கார்வையே இல்லாமல் மூன்று ‘ததிகிணதொம்’களையும் ஒட்டி வாசித்தால் மொத்தம் 60, சரியாக ஐந்து ஆவர்த்தனம். மிச்ரசாபுவில் கார்வையை ஐந்தாக நீட்டினால் 70, அதுவும் ஐந்து ஆவர்த்தனம்.

ஒரே கோர்வை நான்கு இடங்களில் உட்கார்ந்துவிட்டது. பல மாணவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கணக்கு சரி, வேலை முடிந்தது என்று. என் பார்வையில் தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. திருவரங்கத்தின் மீது தியாகராஜர் பாடிய பஞ்சரத்தினத்தில் ‘ஓ ரங்கசாயி’ காம்போதி, ஆதி, இரண்டு களையில் விஸ்தாரமாகப் பாடப்படுவது. அதன் பின் தனி வந்தால், அந்த இரண்டு மாத்திரைக் கார்வையில் காற்று இருக்கும். தொப்பியில் ஒரு கும்கியை அங்கே விட்டால், பாடகர் பாதியில் வைத்த காம்போதி மறுபடி காதில் வரும். அதே பஞ்சரத்தினத்தின் ‘சூதாமு ராரே’ ஆரபி, ரூபகம். அங்கே கார்வை இல்லாத அறுபது மாத்திரை நெருக்கியடித்து ஓடும், ஆரபியின் ஓட்டத்துக்கு அது பொருந்தும். இனி மிச்ரசாபு. விரைவாகப் போகும் பாட்டில் ஐந்து மாத்திரைக் கார்வை, சொல்லுக்குச் சமமான நீளத்தில் மௌனமாகிவிடும். கேட்பவருக்குக் கோர்வை அறுந்ததுபோல இருக்கும். சௌக்கமான மிச்ரசாபுவில் அதே மௌனம் கம்பீரமாக நிற்கும். எண் நான்கிடத்திலும் சரி. காது இரண்டிடத்தில் மகிழ்ச்சியாக ஏற்கும், ஓரிடத்தில் யோசிக்கும், ஓரிடத்தில் மறுக்கும். மறுக்கும் இடத்தில் அந்தக் கோர்வையை விட்டுவிடும் மனம் வேண்டும். எவ்வளவு நாள் உழைத்துக் கற்றதாக இருந்தாலும்.

நடையும் இப்படித்தான். திஸ்ரம், கண்டம், மிச்ரம், சங்கீர்ணம் எல்லாம் பாடமாகியிருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே தனியில் இறக்க வேண்டியதில்லை. இரண்டு களைச் சௌக்கத்தில் ஒரு எண்ணிக்கைக்கு ஏழு என்று மிச்ர நடையை விரித்தால் நிறைய இடம் கிடைக்கும். மத்திமகாலத்தில் அதையே செய்தால் கை திணறும், சொல் தெளிவு போய்விடும். அங்கே திஸ்ர நடையே இயல்பாக ஓடும். ராகம் தானம் பல்லவிக்குப் பின் வரும் தனியில் பல்லவியே கண்ட நடையில் இருந்தால், மிருதங்கம் அதிலிருந்து கிளம்பி அதிலேயே திரும்புவது அழகு. ஒரு நடையை எடுத்தால் அதில் குறைந்தது நாலைந்து ஆவர்த்தனமாவது வாழ வேண்டும் என்பேன். தொட்டுவிட்டுத் தாவினால் ரசிகரின் கையிலுள்ள தாளம் குழம்புமே தவிர, நடையின் சுவை எட்டாது.

சர்வலகுவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. கோர்வைக்குப் பெயர் கிடைக்கிறது, கைதட்டல் கிடைக்கிறது. சர்வலகு அவை இரண்டும் இல்லாமல் தனியைத் தாங்குகிறது. பாட்டு நின்ற அதே காலப்பிரமாணத்தில், அதே ஓட்டத்தில், கணக்கில்லாத சொற்களை வைத்து இரண்டு மூன்று நிமிடம் நிம்மதியாக வாசிப்பது எல்லாவற்றையும் விடக் கடினம். காரணம் எளிது. கோர்வையை மனப்பாடம் செய்யலாம், சர்வலகுவை மனப்பாடம் செய்தால் அது செத்துவிடும். பழைய ஒலிப்பதிவுகளில் பழனியின் தனியையும் மணி ஐயரின் தனியையும் கேட்டுப் பாருங்கள். தொடக்கம் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது! இன்றைய இளைஞர் அந்த இடத்தில் மூன்று கணக்குகளை முடித்திருப்பார்.

காவிரியைத் தாண்டி திருவரங்கத்துக்கு வந்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. ஆந்திராவின் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999) இங்கே குடியேறி, நாகஸ்வரப் பள்ளியை நடத்தி, 1998-இல் சங்கீத கலாநிதியாக மதிக்கப்பட்டார். பெரிய மேளத்தில் தவிலின் இடம் மிருதங்கத்தின் இடத்திலிருந்து மாறுபட்டது. சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் மல்லாரி தொடங்குவதற்கு முன்பே தவில் பேசத் தொடங்கிவிடுகிறது. வலது கை விரல்களில் கூடு, இடது கையில் குச்சி. சுற்றிலும் கூட்டம், திறந்த வீதி, உயர்ந்த மதில்கள். சித்திரை வீதியில் நடந்துகொண்டே வாசிக்கிறவருக்கு நுணுக்கமான கும்கி பயன்படாது. நீளமான, தெளிவான, கனமான சொற்கள்தான் அங்கே எட்டும். மல்லாரியை மூன்று காலத்தில் வாசிக்கும்போது தவிலும் காலம் மாறிப் போக வேண்டும். சுவாமி நிற்கும் இடத்தில் விரிக்கலாம், நகரும்போது சுருக்க வேண்டும். வாசிப்பின் நீளத்தைச் சுவாமியின் நடையே தீர்மானிக்கிறது. மேடைக் கச்சேரியில் இதே தவில்காரர்கள் தனி வாசிக்கையில் வேறு உருவம் எடுப்பார்கள். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) ஈழத்திலிருந்து இங்கே வந்து வாசித்தபோது தமிழ்நாட்டின் தவில் உலகமே திரும்பிப் பார்த்தது. வேகத்திலும் ஒவ்வொரு சொல்லும் முத்துப்போல விழுந்ததுதான் அவர் புகழுக்குக் காரணம். மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் ஒரு உற்சவத்திலாவது தவிலுக்குப் பின்னால் நடக்க வேண்டும். இடத்துக்கு ஏற்ற சொல் என்பது அங்கே விளக்கம் இல்லாமலே புரியும்.

தனியில் இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் தேர்வு இரண்டு பேருடையதாகிறது. கடம், கஞ்சிரா, மோர்சிங் இவற்றில் எது என்பதும் முக்கியம். கடத்தின் சுருதி மாறாது, ஓசை கூர்மையானது, விரைவான சொல் அதில் பளிச்சென்று விழும். கஞ்சிராவின் தோலை நனைத்து வாசிக்கிறார்கள். காய்ந்தால் ஓசை ஏறும், தனி நீண்டால் வாசித்துக்கொண்டே நனைக்க வேண்டும். மோர்சிங்கின் நாதம் நீண்டு நிற்பது, அதனால் இடைவெளி உள்ள சொற்கட்டுகளில் அது அழகாகப் பேசும். திருவரங்கம் கண்ணன் போன்றவர்கள் அந்த வாத்தியத்தின் மதிப்பை மேடையில் உயர்த்தியவர்கள். மிருதங்கக்காரர் மோர்சிங்கை வைத்துக்கொண்டு அடர்த்தியான பரனையே அனுப்பினால், பதில் சொல்ல அவரிடம் என்ன மிச்சம் இருக்கும்? குறைப்பில் இது வெளிப்படையாகத் தெரியும். இரண்டு ஆவர்த்தனம், ஒன்று, அரை, கால் என்று இருவரும் மாறி மாறிக் குறைத்துக்கொண்டே வந்து மொஹராவில் சேர வேண்டும். ஐந்தை வைத்துக் குறைக்கலாம், ஏழை வைக்கலாம், ஒன்பதையும் வைக்கலாம். பக்கத்திலிருப்பவர் பிடித்துக்கொள்ளக்கூடிய எண்ணை, அவர் இன்னும் அழகாகத் திருப்பித் தரக்கூடிய சொல்லைத் தேர்ந்தெடுப்பவரே பெரிய வித்வான். அவரை மடக்குவதற்காக ஒரு எண்ணை ஒளித்து வைத்து வாசிப்பதை நான் ஒருபோதும் ரசித்ததில்லை. கேட்பவர் காதில் அங்கே இசை அறுந்து, பந்தயம் மட்டும் மிஞ்சுகிறது.

நேரமும் ஒலிபெருக்கியும் தேர்வை மாற்றியிருக்கின்றன. 1939-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது முதல், இந்தப் பக்கத்து வித்வான்களுக்குக் கடிகாரத்தைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் வந்தது. வானொலியில் தனிக்கு நாலைந்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதற்குள் சர்வலகு, ஒரே ஒரு நடை, சுருக்கமான மொஹரா, ஒரு கோர்வை. இந்தச் சுருக்கத்தைப் பயிற்சியாகவே நான் சிபாரிசு செய்வேன். நாலு நிமிடத்தில் ஒரு முழுத் தனியை நிறைவாகத் தரத் தெரிந்தவருக்கு இருபது நிமிடம் பயமில்லை. ஒலிபெருக்கியின் கதை வேறு. மணி ஐயர் ஒரு காலத்தில் ஒலிபெருக்கி வைத்த கச்சேரிகளுக்கு வாசிக்கவே மறுத்தார். இன்று அது யாருக்கும் சாத்தியமில்லை. ஆனால் அவர் எதற்குப் பயந்தார் என்பது இப்போது புரிகிறது. பெருக்கியில் வேகமான பரன் இரைச்சலாகப் பெருகிக் கைதட்டலை இழுக்கிறது, விரல் நுனியில் பிறக்கும் மெல்லிய சொல் தொலைந்துபோகிறது. ஆகவே வாசிப்பவர்கள் மெல்லிய சொற்களையே விட்டுவிடுகிறார்கள். சோதனை நேரத்திலேயே வலந்தலை, தொப்பி இரண்டையும் மெதுவாக வாசித்துக் காட்டி ஒலியமைப்பாளரோடு பேசிவிட்டால், அந்தச் சொற்களுக்கும் தனியில் இடம் கிடைக்கும்.

பிள்ளைகள் இதையெல்லாம் எங்கே கற்கிறார்கள்? திருச்சியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. 1977-இல் தொடங்கிய கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. வீடுகளில் குருகுலமாகச் சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பாடத்திட்டம் பெரும்பாலும் தாளவாரியாகப் போகிறது: ஆதிக்கு இத்தனை கோர்வை, ரூபகத்துக்கு இத்தனை, கண்டசாபுவுக்கு இத்தனை. அடிப்படை என்ற அளவில் அது தேவைதான், சேமிப்பு இல்லாமல் தேர்வு இல்லை. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. தேர்விலும் போட்டியிலும் மாணவர் பாட்டே இல்லாமல், வெறும் தாளத்தின் மேல் தனி வாசிக்கிறார். பாட்டு இல்லாதபோது அவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்? மிகக் கடினமானதையே தேர்ந்தெடுப்பார். நடுவரும் கடினத்துக்கு மதிப்பெண் போடுவார். யூடியூபில் பார்த்த பெரிய வித்வானின் கோர்வை, அது எந்தப் பாட்டுக்கு, எந்தக் காலப்பிரமாணத்தில் பிறந்ததென்று தெரியாமலே இன்னொரு கைக்குப் போய்விடுகிறது.

ஒரு மாற்று செய்து பார்க்கலாம். போட்டியில் ஒரு பாடகர் இருக்கட்டும். மூன்று பாட்டுகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கட்டும். ஒன்று இரண்டு களை ஆதி, ஒன்று ரூபக மத்திமகாலம், ஒன்று தள்ளி எடுக்கும் மிச்ரசாபு. வந்த சீட்டுக்கு மாணவர் முதலில் பாட்டுக்கு வாசித்து, பிறகு ஆறு நிமிடத்தில் தனி வாசிக்கட்டும். முடித்த பிறகு நடுவர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: ‘இந்த நடையை ஏன் எடுத்தாய்?’ பதில் சொல்ல வாய் வராவிட்டாலும் பரவாயில்லை, கொன்னக்கோலில் சொல்லிக் காட்டலாம், அல்லது பாட்டின் ஒரு வரியைப் பாடிக் காட்டலாம். பாட்டின் வரியைப் பாடத் தெரியாத பிள்ளைக்கு அந்த வரியை முதலில் சொல்லிக்கொடுங்கள் என்று குருமாருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். மிருதங்கம் கற்கும் ஒவ்வொருவரும் ஐம்பது கீர்த்தனைகளையாவது வாய்விட்டுப் பாட வேண்டும் என்ற நிபந்தனையைப் பாடத்திட்டத்திலேயே எழுதி வைக்கலாம். திருவரங்கத்துப் பஞ்சரத்தினத்தின் ஐந்தும் அதில் முதலில் இருக்கட்டும்.